கடை போனது, கடன் நின்றது
கடைக்காரர் ஆப்ரகாம் லிங்கனின் கதை



கடைக்காரரின் பற்றுப் புத்தகம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதம் முழுக்க அரிசி, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் என்று எழுதி வாங்கிவிட்டு, சம்பள நாளன்று கணக்குப் பார்த்தால் கையிலே மிஞ்சுவது ஒன்றுமில்லை. நம் பாட்டன் காலத்திலும் அப்பன் காலத்திலும் இதைப் பார்க்காத லயம் இருந்ததில்லை. கடன் தொல்லை தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்கு ஓடிப்போன குடும்பங்களையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

இன்று நாம் சொல்லப் போவது அப்படி ஓடிப்போகாமல் நின்ற ஒரு கடனாளியின் கதை. அவர் கடனுக்குக் கடை வாங்கினார். கடை கவிழ்ந்தது. கூட்டாளி செத்துப் போனார். குதிரையும் தொழில் கருவியும் ஏலத்துக்குப் போயின. அந்தக் கடனை அடைத்து முடிக்க ஏறக்குறைய பதினைந்து வருடம் பிடித்தது. அவர் பெயர் ஆப்ரகாம் லிங்கன். பின்னாளில் அமெரிக்காவின் 16-ஆவது ஜனாதிபதியாக ஆனாரே, அவரேதான்.

காட்டுக் குடிசைப் பிள்ளை

லிங்கன் பிறந்தது 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, கென்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரே அறைக் குடிசையிலே. தகப்பனார் தாமஸ் லிங்கன் விவசாயி. தச்சு வேலையும் தெரிந்தவர். கஷ்டப்பட்டுச் சேர்த்த நிலத்துக்குப் பட்டா சரியில்லை என்று வழக்கு வந்து, நிலம் கை நழுவிப் போனது. 1816-இல் குடும்பம் இந்தியானா காட்டுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு வருடத்தில் தாயார் நான்சி இறந்து போனார். அப்போது பையனுக்கு வயது ஒன்பது. அடுத்த வருடம் வந்த சிற்றன்னை சாரா நல்ல மனசுக்காரி. பையன் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர்தான்.

பள்ளிக்கூடம் போனதோ எல்லாம் சேர்த்து ஒரு வருடம்கூட இல்லை. பையன் கோடரி பிடித்தான், மரம் வெட்டினான், அக்கம் பக்கத்துப் பண்ணைகளில் கூலிக்குப் போனான். அந்தக் கூலி அவன் கைக்கு வராது. இருபத்தொரு வயது ஆகிறவரை மகன் சம்பாதிப்பது தகப்பனுக்கே சேரும் என்பது அந்த நாட்டு வழக்கம். பிள்ளைகளின் கைக்காசும் சேர்ந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலைமையை நம்மவர்களும் பார்த்தவர்கள்தானே!

1830-இல் குடும்பம் இல்லினாய் மாநிலத்துக்கு மாறியது. 1831-இல் இருபத்திரண்டு வயது வாலிபனாக லிங்கன் தனியாகப் பிழைக்கக் கிளம்பினார். சரக்கேற்றிய தட்டைப் படகு ஒன்றில் கூலியாளாக நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம்வரை போய்வந்தார். அந்தப் படகு போகும் வழியில் நியூ சேலம் என்ற சின்ன ஊரிலே, ஆலை அணைக்கட்டின்மேல் சிக்கிக்கொண்டது. படகை மீட்க அந்த நெட்டை வாலிபன் பட்ட பாட்டை ஊரே கரையில் நின்று பார்த்தது. படகின் முதலாளி டென்டன் ஆஃபட் அந்த ஊரிலேயே ஒரு கடை திறந்து, லிங்கனைக் கடைச் சிப்பந்தியாக வைத்துக்கொண்டார்.

காசில்லாத ஊரில் வியாபாரம்

நியூ சேலம் 1829-இல் உண்டான ஊர். இருபது, இருபத்தைந்து குடும்பம் இருக்கும். ஒரு மாவு ஆலை, கொல்லன் பட்டறை, இரண்டு மூன்று கடை. சுற்றிலும் புதிதாகக் காடு திருத்திக் குடியேறிய விவசாயிகள்.

அப்படிப்பட்ட ஊரிலே வெள்ளிக் காசு என்பது அபூர்வம். விவசாயி கடைக்கு வரும்போது காசு கொண்டுவர மாட்டார். முட்டை, வெண்ணெய், தேன், தோல், பறவை இறகு என்று கையில் இருப்பதைக் கொண்டுவந்து, உப்பும் துணியும் காப்பிக் கொட்டையும் வாங்கிப் போவார். அதுவும் இல்லாவிட்டால், அறுவடை ஆனதும் தருகிறேன் என்று கணக்கில் எழுதிக்கொள்வார். கடைக்காரரும் பெரிய பட்டணத்து மொத்த வியாபாரியிடம் தவணைக்குத்தான் சரக்கு எடுப்பார். ஆக, மேலிருந்து கீழ்வரை எல்லாமே கடன்.

இதற்கு நடுவில் ஓடியது புரோநோட்டு. இத்தனை டாலர், இன்ன தேதியில் தருகிறேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதுவே பணம் மாதிரி. நோட்டை வாங்கியவர் அதன் முதுகில் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். ராமனிடம் நாம் பட்ட கடனை, முகம் தெரியாத சோமன் வந்து வசூல் பண்ணலாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தக் காகிதம்தான் லிங்கனைப் பின்னால் சிக்க வைத்தது.

கையில் காசில்லை, கடைக்கு முதலாளி

ஆஃபட்டின் கடை ஒரு வருடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. 1832 வசந்த காலத்தில் கவிழ்ந்தது. வேலை போன லிங்கன் அந்த வருடம் நடந்த பிளாக் ஹாக் போரில் தொண்டர் படையில் சேர்ந்தார். தங்கள் பழைய நிலத்துக்குத் திரும்பி வந்த செவ்விந்திய மக்களை விரட்டுவதற்காக நடந்த சண்டை அது. லிங்கன் யாரோடும் மோதாமலே திரும்பினார். வந்ததும் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் சொந்த ஊர்க்காரர்கள் கைவிடவில்லை. நியூ சேலம் வட்டாரத்தில் விழுந்த 300 ஓட்டில் 277 அவருக்குக் கிடைத்தது.

தேர்தலில் தோற்றவருக்கு வயிறு சும்மா இருக்குமா? கொல்லன் வேலை கற்கலாமா, கடை வைக்கலாமா என்று யோசித்தார். அந்த நேரம் பார்த்து ஹெர்ன்டன் சகோதரர்கள் கடையை விட்டு விலகினார்கள். ஒருவர் தம் பங்கை வில்லியம் பெரி என்ற வாலிபருக்கு விற்றார். இன்னொருவரான ரோவன் ஹெர்ன்டன் தம் பங்கை லிங்கனுக்குக் கொடுத்தார். ரொக்கம் ஒரு காசு இல்லை; வெறும் கையெழுத்துத்தான். லிங்கன் அவர் வீட்டிலே தங்கிச் சாப்பிட்டவர். ஆளின் குணம் ஹெர்ன்டனுக்குத் தெரியும். பணக்காரனின் பணத்தைவிட இந்த ஏழையின் வார்த்தை போதும் என்று நினைத்துவிட்டார்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1833 தொடக்கத்தில் ராட்ஃபோர்ட் என்பவரின் கடையைக் குடித்துவிட்டு வந்த முரட்டு வாலிபர்கள் அடித்து நொறுக்கிவிட்டார்கள். வெறுத்துப் போன ராட்ஃபோர்ட், வந்த விலைக்குச் சரக்கை விற்கத் துணிந்தார். வில்லியம் கிரீன் என்ற இளைஞர் 400 டாலருக்குப் பேசி முடித்தார். அதையே கையோடு பெரிக்கும் லிங்கனுக்கும் 750 டாலருக்குத் தள்ளிவிட்டார். இவர்கள் கொடுத்த ரொக்கம் கொஞ்சம், மீதி நோட்டு. ராட்ஃபோர்டுக்குக் கிரீன் கொடுக்க வேண்டிய பாக்கியையும் இவர்களே தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

இப்போது சரக்கு நிறைய இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. இத்தனூண்டு ஊருக்கு இத்தனை கடை எதற்கு? சாமான் நகரவில்லை. பெரி பாதிரியாரின் மகன். ஆனாலும் கடைச் சாராயத்தைக் கடைக்காரரே குடித்துத் தீர்த்தார் என்று ஊரார் பின்னாளில் சொல்லி வைத்தார்கள். லிங்கனும் சும்மா இல்லை. கிடைத்த புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு மர நிழலில் படுத்துப் படித்துக்கொண்டிருப்பார். ஒருவர் குடியிலே, ஒருவர் படிப்பிலே. கடையை யார் பார்ப்பது? லிங்கன் மகா உத்தமர் என்பதற்காக இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வியாபாரத்துக்கு வேண்டிய கண் அவருக்கு இல்லை.

கடைசியில் கடையை டிரென்ட் சகோதரர்கள் என்ற இரண்டு பேருக்கு, அதுவும் கடனுக்கே, விற்றார்கள். தவணை வருவதற்குள் அவர்கள் ஊரைவிட்டே ஓடிவிட்டார்கள். 1835 ஜனவரியில் பெரி காலமானார். அவர் விட்டுப்போனதில் கடனைத் தீர்க்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

ஓடலாமா, நிற்கலாமா?

மொத்தக் கடன் ஏறக்குறைய 1,100 டாலர். அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை இல்லை. பிறகு லிங்கன் பார்த்த தபால் வேலைக்கு வருடத்துக்குச் சுமார் 55 டாலர்தான் வருமானம். அந்தச் சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் இருபது வருடம் ஆகும். தாம் பட்ட இந்தக் கடனைத் தேசியக் கடன் என்று அவரே கேலியாகச் சொல்லிக்கொள்வாராம். வேதனையை வேடிக்கையாக்கிப் பேசுவது அவர் சுபாவம்.

கூட்டு வியாபாரத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால், ஒருவர் இல்லாதபோது முழுக் கடனும் மற்றவர் தலையில்தான் விழும். பெரியின் பங்கு என் பொறுப்பில்லை என்று லிங்கன் சொல்ல முடியாது. ஆனால் வேறொரு வழி இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்காவில் கடனாளிகள் பலர் ராத்திரியில் வண்டி பூட்டிக்கொண்டு மேற்கே போய்விடுவார்கள். அடுத்த மாநிலத்துக்குப் போனால் யார் தேடி வருவார்? டிரென்ட் சகோதரர்கள் அதைத்தானே செய்தார்கள்! லிங்கனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, சொத்து கிடையாது. ஒரு மூட்டையைத் தோளில் போட்டால் போதும்.

அவர் போகவில்லை. கடன்காரர்களிடம் போய், எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், சம்பாதித்து முழுவதும் தந்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். பலர் ஒத்துக்கொண்டார்கள்.

1833 மே மாதம் அவருக்கு ஊர்த் தபால் அதிகாரி வேலை கிடைத்தது. கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு நடந்துபோய்க் கொடுப்பார். அது போதவில்லை. வேலி மரம் பிளந்தார், ஆலையில் உதவினார், அறுவடைக் கூலிக்குப் போனார். அந்த வருடமே நிலம் அளக்கும் உதவி சர்வேயர் வேலை வந்தது. சர்வே என்றால் என்னவென்றே தெரியாத ஆள், புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கணக்குப் படித்தார். அளவுச் சங்கிலி, திசைகாட்டி, போய்வர ஒரு குதிரை எல்லாம் வேண்டும். அதையும் கடனுக்குத்தான் வாங்கினார்! பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். ஆனால் இந்தக் கடன் வேறு மாதிரி. இது தொழில் தரும் கருவிக்காகப் பட்டது.

ஏலம் விட்ட நாள்

எல்லாக் கடன்காரர்களும் ஒரே மாதிரி இருப்பார்களா? குதிரை விற்றவர் பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போனார். ராட்ஃபோர்டின் நோட்டு கைமாறி வான் பெர்கன் என்பவரிடம் போயிருந்தது. அவர் 1834-இல் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினார். சட்டப்படி அவர் செய்தது தப்பில்லை. லிங்கனின் குதிரை, சேணம், கடிவாளம், சர்வே கருவிகள் எல்லாம் ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தன.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பால் வெட்டுகிறவரின் உளியைப் பிடுங்கிக்கொண்டால் அவர் எதைக் கொண்டு சம்பாதித்துக் கடனை அடைப்பார்? லிங்கனுக்கு அதே நிலைமை. அன்றைக்கு அவர் மிகவும் இடிந்துபோய், ஏலம் நடக்கும் இடத்துக்குக்கூடப் போகவில்லை என்கிறார்கள்.

ஊருக்குச் சில மைல் தள்ளி ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி இருந்தார். லிங்கன் அவர் பண்ணையில் சோளம் உரித்துக் கொடுத்தவர். அந்த மனிதர் யாரிடமும் சொல்லாமல் ஏலத்துக்குப் போனார். 120 டாலருக்கு எல்லாவற்றையும் எடுத்தார். நேரே கொண்டுவந்து லிங்கனிடமே கொடுத்துவிட்டார். சொந்தமில்லை, பந்தமில்லை. இந்தப் பையன் உழைப்பாளி, ஏமாற்ற மாட்டான் என்ற ஒரே நம்பிக்கை. ரோவன் ஹெர்ன்டன் கடையைக் கொடுத்ததும் அதே நம்பிக்கையில்தான்.

லிங்கன் அந்த 120 டாலரையும் திருப்பிக் கொடுத்தார். அதோடு மறந்துவிடவும் இல்லை. பல வருடம் கழித்து ஷார்ட் கலிபோர்னியாவில் நொடித்துப்போய் இருந்தபோது, ஜனாதிபதியாகிவிட்ட லிங்கன் அவருக்கு அங்கே ஓர் அரசாங்க வேலை கொடுத்தார்.

மெத்தைக்குப் பதினேழு டாலர்

1834-இல் லிங்கன் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைநகர் வான்டேலியாவுக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல சட்டை இல்லை. கோல்மன் ஸ்மூட் என்ற வசதியான விவசாயியிடம் போய், நீங்கள் எனக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன் என்றார் அவர். அப்படியானால் நான் நாலு பேர் மத்தியில் கௌரவமாக நிற்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று சிரித்துக்கொண்டே 200 டாலர் கடன் கேட்டார். ஸ்மூட் கொடுத்தார். லிங்கனும் திருப்பிக் கொடுத்தார்.

சட்டசபைக்குப் போய்வந்த காலத்தில் ஜான் ஸ்டூவர்ட் என்ற வழக்கறிஞரிடம் சட்டப் புத்தகங்களை இரவல் வாங்கித் தாமாகவே படித்தார். 1836-இல் வழக்கறிஞராக லைசென்ஸ் பெற்றார். 1837 ஏப்ரலில் ஸ்பிரிங்ஃபீல்டு பட்டணத்துக்கு இரவல் குதிரையில் வந்து சேர்ந்தார். தங்க இடமில்லை. ஜோஷுவா ஸ்பீட் என்பவரின் கடைக்குள் நுழைந்து, ஒரு ஆள் படுக்க மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் என்ன விலை ஆகும் என்று கேட்டார். ஸ்பீட் கணக்குப் போட்டு 17 டாலர் என்றார்.

விலை நியாயம்தான், ஆனால் கையில் அவ்வளவு இல்லை, கிறிஸ்துமஸ் வரை தவணை கொடுங்கள் என்றார் லிங்கன். அதோடு நிறுத்தினாரா? என் வழக்கறிஞர் தொழில் தோற்றுப் போனால் இந்தக் கடனை அடைக்கவே முடியாமல் போகலாம் என்பதையும் தாமே சொல்லிவிட்டார்! கடன் கேட்க வந்தவர் எவராவது இப்படிப் பேசுவாரா? அவர் முகத்திலிருந்த சோகம் ஸ்பீடின் மனசை என்னவோ செய்தது. மாடியில் என் கட்டில் பெரியது, செலவில்லாமல் அதிலேயே தங்கிக்கொள்ளுங்கள் என்றார். லிங்கன் மூட்டையை மாடியில் வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார். நாலு வருடம் அங்கேதான் வாசம். இருவரும் சாகிறவரை நண்பர்கள்.

தபால் பணத்தைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். நியூ சேலம் தபால் நிலையம் 1836-இல் மூடப்பட்டது. கணக்கில் நின்ற பாக்கியை வாங்க அரசாங்க ஆள் வெகு நாள் கழித்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தாராம். லிங்கன் அப்போது சாப்பாட்டுக்கே சிரமப்பட்டவர். கூட இருந்த நண்பர் பயந்துபோய்ப் பணம் கடன் கொடுக்க முன்வந்தாராம். லிங்கனோ பெட்டிக்குள்ளிருந்து பழைய துணி முடிப்பு ஒன்றை எடுத்துக் கொட்டி எண்ணினாராம். அன்று வசூலான அதே சில்லறை, கணக்குப் பிசகாமல் இருந்ததாம்.

கடைசிக் காசு வரை

கடைக் கடன் மெள்ள மெள்ளக் கரைந்தது. 1841-இல் அமெரிக்காவில் ஒரு திவால் சட்டம் வந்தது. கடனாளிகள் கோர்ட்டுக்குப் போய்க் கடனிலிருந்து விடுபட அது வழி செய்தது. லிங்கனும் அவர் கூட்டாளியும் வழக்கறிஞர்களாக இருந்து பலருக்கு அந்த வழியைத் தேடிக் கொடுத்தார்கள். நொடித்துப் போனவனுக்குச் சட்டம் உதவுவதை அவர் இழிவாக நினைக்கவில்லை. தம் கடனை மட்டும் அவர் கொடுத்தே தீர்த்தார். 1847 முதல் 1849 வரை காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தபோதுகூடப் பழைய கடனுக்காகப் பணம் அனுப்பி வந்தார் என்று அவருடைய சட்டக் கூட்டாளி எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு நடந்ததை உலகம் அறியும். 1860 தேர்தலில் வென்று, 1861-இல் ஜனாதிபதி ஆனார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1863 ஜனவரி 1-ஆம் தேதி, கிளர்ச்சி செய்த மாநிலங்களில் இருந்த கறுப்பின அடிமைகளை விடுதலை செய்து ஆணையிட்டார். தகப்பனார் நிலம் இழந்ததைக் கண்ணால் கண்ட அவர், 1862-இல் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். அரசாங்க நிலத்தில் குடியேறி ஐந்து வருடம் பாடுபட்ட குடும்பத்துக்கு, சிறு கட்டணத்தோடு 160 ஏக்கர் வரை சொந்தமாகும் என்றது அந்தச் சட்டம். 1865 ஏப்ரல் 14-ஆம் தேதி நாடகக் கொட்டகையில் சுடப்பட்டு மறுநாள் காலமானார்.

நியூ சேலம் ஊர் 1840 வாக்கிலேயே காலியாகிவிட்டது. பின்னாளில் அந்த இடத்தில் பழைய மாதிரியே குடிசைகளைத் திரும்பக் கட்டி, பெரி-லிங்கன் கடையையும் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். லாபமே காணாத கடைக்கு வந்த மரியாதையைப் பார்த்தீர்களா!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கடன் வாங்கினால் ஜனாதிபதி ஆகலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லிங்கன் செய்த தப்பு நமக்குப் பாடம். சின்ன ஊரில் அளவுக்கு மீறிச் சரக்கு எடுத்தார். கூட்டாளியின் குணம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து அவர் இளமையையே தின்றுவிட்டது. கூட்டு வியாபாரம் என்றாலும் ஜாமீன் என்றாலும், மற்றவர் விட்டுப் போனால் முழுவதையும் நம்மால் கட்ட முடியுமா என்று ஒரு ராத்திரி யோசித்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது. கூச்சத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்த வேண்டாம்.

கடன் பட்டுவிட்டோம், கட்ட முடியவில்லை. அப்போது என்ன செய்வது? முகத்தை மறைத்துக்கொள்ளாமல் போய் நிலைமையைச் சொல்ல வேண்டும். மாதம் இவ்வளவு என்று பேசி, பேசியபடி கொடுக்க வேண்டும். லிங்கன் செய்தது அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் ஒரு ஜேம்ஸ் ஷார்ட் இல்லாவிட்டால் லிங்கன் எழுந்திருப்பாரா என்பது சந்தேகமே. நம் பக்கத்து வீட்டிலும் உழைப்பாளி ஒருவர் விழுந்து கிடக்கலாம். அவருடைய உளியை மீட்டுக் கையில் கொடுக்க நம்மால் முடிந்தால், அதைச் செய்வோம்.